இரண்டு கார்டன்: ஒரு ஏ1 தோல்வியின் நிகழ்வு ஆய்வு

வாட்ஸ்அப்பில், ஏ1 என்கிற ஆரம்பநிலை ஜெர்மன் மொழித் தேர்வின் மதிப்பெண் தாள் ஒன்று படமாக வந்தது. கேட்டல் 11.62, வாசித்தல் 18.26, எழுதுதல் 12.45, பேசுதல் 11.62. கூட்டினால் 53.95, அதாவது 54. தேர்ச்சிக்கு 60 வேண்டும். படத்துக்குக் கீழே ஒரே வரி: "அக்கா, எங்க தப்புன்னு பாத்துச் சொல்றீங்களா?"

அனுப்பியவருக்கு 27 வயது. கும்பகோணத்தை அடுத்த பாபநாசம் பக்கம் ஒரு கிராமம், தமிழ்வழியில் பள்ளிப்படிப்பு, அப்புறம் பி.காம். கணவர் ஸ்டுட்கார்ட்டில் ஓர் இந்திய உணவகத்தில் சமையல்காரர். ஜெர்மனியில் இருக்கும் கணவனோடோ மனைவியோடோ போய்ச் சேர விசா கேட்பவர், எளிய ஜெர்மனில் பேசிப் புரிந்துகொள்ளத் தெரியும் என்று கிளம்பும் முன்பே காட்ட வேண்டும். 2007 ஆகஸ்டில் வந்த சட்டத் திருத்தம் இது. ஏ1 சான்றிதழ்தான் அதற்கு வழக்கமான அத்தாட்சி. விலக்குகளும் உண்டு. உயர்கல்வி பெற்ற வெளிநாட்டு ஊழியருக்குத் தரும் அனுமதியான நீல அட்டையை வைத்திருக்கும் பொறியாளரின் மனைவிக்கு இந்தத் தேர்வு தேவையில்லை. இவருக்குத் தேவைப்பட்டது. "இது என்னக்கா நியாயம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நான் திருச்சியில் வீட்டிலிருந்தபடியே மாலை நேரங்களில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். ஏ1-இல் தோற்றுவிட்டு வருகிறவர்கள் ஆண்டுக்குச் சிலராவது இருப்பார்கள். பெரும்பாலும் சரியாகப் படிக்காதவர்கள்தான். இவர் அப்படியில்லை, நன்றாகப் படித்திருந்தார். அதனால்தான் இந்த நிகழ்வை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த விநோதமான தசமங்கள். ஜெர்மன் மொழியைப் பரப்பும் கோதே நிறுவனம் நடத்தும் இந்தத் தேர்வுக்கு 'ஸ்டார்ட் டாய்ச் 1' என்று பெயர். கேட்டல் 20 நிமிடம், வாசித்தல் 25, எழுதுதல் 20. அதற்குப் பிறகு சிலர் ஒன்றாக உட்கார்ந்து பேசும் தேர்வு, சுமார் 15 நிமிடம். ஒவ்வொரு பகுதிக்கும் 15 புள்ளி, ஆக 60. அதை 1.66-ஆல் பெருக்கி 100-க்குக் கொண்டுவருகிறார்கள். திருப்பி வகுத்தால் நிஜ நிலவரம் தெரியும்: கேட்டல் 7, வாசித்தல் 11, எழுதுதல் 7.5, பேசுதல் 7. மொத்தம் 32.5. இன்னும் மூன்றரைப் புள்ளி இருந்தால் 36, பாஸ். பகுதிக்கு இத்தனை எடுத்தே ஆக வேண்டும் என்ற கணக்கு ஏ1-இல் கிடையாது, மொத்தம்தான் பார்ப்பார்கள். ஆனால் தோற்றால் நன்றாகச் செய்த பகுதியையும் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும்.

வாசித்தலில் 11 எடுத்தவர் கேட்டலில் 7 எடுக்கிறார். கண்ணுக்குத் தெரிகிற ஜெர்மன் காதுக்கு எட்டவில்லை. ஏன் என்று முதல் நாள் எனக்கும் பிடிபடவில்லை. "உங்க நோட்டைக் காட்டுங்க" என்றேன்.

வீடியோவில் நோட்டைப் புரட்டிக் காட்டினார். இருநூறு பக்க நோட்டு, நீல மையில் சொல், சிவப்பு மையில் பொருள், அடிக்கோடு போட்ட தலைப்புகள். எனக்கே பொறாமையாக இருந்தது. அவர் சேர்ந்திருந்த ஒரு பயிற்சி மையத்தில் முப்பது நாளில் ஏ1 முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கோதே ஏ1-க்குச் சொல்லும் வகுப்பளவு 45 நிமிடப் பாடவேளையாக 80 முதல் 200 வரை. முப்பது நாளில் முடிக்க முடியாது என்றில்லை, ஆனால் அந்த வேகத்தில் காதுக்கு நேரம் இருக்காது. ஆசிரியர் பலகையில் எழுதுவார், இவர் பார்த்து எழுதுவார். எழுதியது எல்லாம் தமிழ் எழுத்தில்.

பதினான்காம் பக்கத்தில் 'கார்டன் – தோட்டம்'. அறுபதுகளில் ஏதோ ஒரு பக்கத்தில் 'கார்டன் – சீட்டுகள், டிக்கெட்டுகள்'.

"ரெண்டும் ஒரே வார்த்தையா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. இங்கிலீஷ்ல கூட ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கும்ல?"

இல்லை. முதலாவது 'கங்கை'யில் வருகிற க. இரண்டாவது 'கல்'லில் வருகிற க. நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. இடத்தைப் பார்த்து ஒலியை நாமே போட்டுக்கொள்வோம், ஜெர்மன் சொல்லில் அந்த வித்தை பலிக்காது. சுடுவதும் பெட்டி கட்டுவதும் அவர் நோட்டில் 'பக்கன்' என்றே இருந்தன, ப-வுக்கும் அதே கதைதான். இந்தக் கட்டுரையை எழுதும்போதும் எனக்கு அதே சிக்கல்: இந்த இரண்டு கார்டனையும் பிரித்துக் காட்ட என் விசைப்பலகையில் வழி இல்லை.

இன்னும் இருக்கிறது. 'ஷோன்' என்றால் ஏற்கெனவே, 'ஷோன்' என்றால் அழகான. 'ட்ருக்கன்' என்றால் அச்சிடுவது, 'ட்ருக்கன்' என்றால் தள்ளுவது, அங்கே கடைக் கதவில் எழுதியிருப்பது இதுதான். இந்த இரண்டு இணைகளிலும் ஒன்றில் உயிரெழுத்தின் தலையில் இரண்டு புள்ளி உண்டு. உதட்டைக் குவித்துக்கொண்டு உள்ளே 'ஈ' அல்லது 'ஏ' சொன்னால் வருகிற ஒலி அது. தமிழ் எழுத்தில் போட்டதுமே அந்தப் புள்ளிகள் உதிர்ந்துவிட்டன. தேர்வில் ஒலிப்பதிவு ஓடும்போது அவர் தேடியது நோட்டில் இருந்த சொல்லை. ஒலித்ததோ வேறு.

மறுநாள் கோதே இணையத்தில் இலவசமாகத் தரும் மாதிரித் தாளை நேரம் வைத்துக் கொடுத்தேன். கேட்டலில் 15-க்கு 7, தேர்வில் எடுத்த அதே எண். தவறிய எட்டில் ஐந்து, எண்ணும் மணியும் வருகிற இடங்கள். இரண்டு, ஒலி மயக்கம். மிச்சமிருந்த ஒன்று இரண்டாம் பிரிவில் போனது. ரயில் நிலையத்திலும் கடையிலும் கேட்பது போன்ற அறிவிப்புகள் அங்கே வரும், ஒரு தடவைதான் ஓடும். மற்ற இரு பிரிவுகளிலும் இரண்டு தடவை ஓடும். முந்தைய கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்ததில் அடுத்தது போய்விட்டது.

எண் விஷயம் தமிழருக்கு மட்டும் உரிய நோய் இல்லை, ஆனாலும் நமக்குக் கொஞ்சம் கூடுதல். ஐம்பத்து மூன்றை ஜெர்மன்காரர் 'மூன்றும் ஐம்பதும்' என்பார்: ட்ரை உன்ட் ஃபுன்ஃப்ஸிக். மூன்று என்று கேட்டதுமே கை 3 போட்டுவிடும், பின்னால் ஐந்து ஒட்டிக்கொண்டு 35 ஆகிவிடும். நான் சொல்லிக்கொடுத்த வழியைச் சில ஆசிரியர்கள் ஏற்கமாட்டார்கள். 3-ஐ எழுது, ஆனால் இடப்பக்கம் ஒரு இடம் விட்டு எழுது. ஐம்பது வந்ததும் அந்த இடத்தில் 5 போடு. கோலம் போடுகிறவருக்குப் புள்ளி விட்டு வைப்பது பெரிய வேலையா? நான்கே நாளில் பழகிவிட்டது. தொலைபேசிச் செய்திகளில் இரண்டை 'ட்ஸ்வை' என்று சொல்லாமல் 'ட்ஸ்வோ' என்றும் சொல்வார்கள், ட்ரையோடு குழம்பாமலிருக்க. முதன்முறை அதைக் கேட்டபோது புது எண் ஏதோ வந்துவிட்டது என்று பயந்துபோனார்.

மணிதான் ரொம்ப வேடிக்கை. 'ஹால்ப் அஹ்ட்' என்றால் சொல்லுக்குச் சொல் 'பாதி எட்டு'. நம் மூளை உடனே எட்டரை என்று எழுதும். அது ஏழரை. எட்டாவது மணியை நோக்கிப் பாதி தூரம் வந்திருக்கிறோம் என்று அர்த்தம். இதைப் பத்து முறை விளக்கினேன், பத்து முறையும் தலையாட்டிவிட்டு எட்டரை எழுதினார். தீர்த்து வைத்தது அவர் கணவர்தான், அதுவும் தெரியாமலே. மத்தியானச் சாப்பாட்டு வியாபாரம் முடிந்து உணவகம் மூடியிருக்கும் நேரம் அங்கே மணி 3. அது குளிர்காலம், நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், ஆக இங்கே ஏழரை. தினமும் அவர் அழைப்பது ஏழரைக்கு. "இனி அந்த போனுக்குப் பேரு ஹால்ப் அஹ்ட்" என்றேன். "ஹால்ப் அஹ்ட் வந்தாச்சா?" என்று வீட்டில் மாமியார் கேட்க ஆரம்பித்த பிறகு அந்தத் தவறு வரவில்லை.

சரி, நோட்டை என்ன செய்தோம்? பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். கொஞ்சம் அழுதார். புது நோட்டுக்கு ஒரே விதி: ஒரு சொல்லை மூன்று தடவை காதால் கேட்ட பிறகுதான் எழுத வேண்டும், அதுவும் ஜெர்மன் எழுத்தில், தலையில் புள்ளியோடு. ஏ1-க்கான சொற்பட்டியலையும் கோதே வெளியிட்டிருக்கிறது, சுமார் 650 சொல். அதில் பாதிக்கு மேல் அவருக்கு ஏற்கெனவே தெரியும், கண்ணால். அதே சொற்களைக் காது வழியாக மறுபடி ஏற்றும் வேலைதான் எங்களுக்கு. ஜெர்மனியின் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே இலவசமாகத் தரும் ஆரம்பப் பாடங்களைச் சமைக்கும்போது ஓடவிட்டார். ஸ்டுட்கார்ட்டிலிருந்து தினம் ஒரு அறிவிப்புப் பலகையின் படம் வரும்: கடைக் கதவு, ரயில் நடைமேடை, 'திங்கள் விடுமுறை', 'இங்கே வண்டி நிறுத்தாதீர்'. வாசித்தலின் மூன்றாம் பிரிவில் வருவது இப்படிப்பட்ட பலகைகள்தான்.

கணவரின் உதவியில் ஒரு பக்கவிளைவும் இருந்தது. அவர் ஜெர்மன் படித்தது சமையலறையில். ஸ்டுட்கார்ட் வட்டாரத்துச் சுவாபியப் பேச்சில், ஆங்கில 'இஸ்' போன்ற 'இஸ்ட்' என்பது 'இஷ்' ஆகிவிடும். ஒரு நாள் இவர் என்னிடம் "டாஸ் இஷ் குட்" (அது நல்லது) என்றார். கும்பகோணத்துப் பெண் வாயில் ஸ்டுட்கார்ட் வழக்கு. சிரித்துவிட்டு, தேர்வுக்கு மட்டும் 'இஸ்ட்' என்று கேட்டுக்கொண்டேன்.

இங்கே என் தவறையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் அவர் வாயைத் திறந்தாலே பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன்னால் வருகிற டெர், டீ, டாஸ் மூன்றையும் நான் திருத்தினேன். மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமி அலிப்பால் என்கிற மொழி அது. அஃறிணையில் ஆண்பால் பெண்பால் பார்க்காத நமக்கு அது காலமெல்லாம் தகராறு. நான் திருத்தத் திருத்த அவர் வாக்கியங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. மூன்றாம் வாரத்தில் "யா" (ஆமாம்), "நைன்" (இல்லை) தவிர எதுவும் வரவில்லை. வகுப்புக்கு வராமல் இரண்டு நாள் உடம்பு சரியில்லை என்றார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மதிப்பெண் விதிகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏ1 பேச்சில் பார்ப்பது, சொன்னது எதிராளிக்குப் புரிந்ததா என்பதை. டெர் போட வேண்டிய இடத்தில் டாஸ் போட்டதற்காக யாரும் தோற்பதில்லை. திருத்துவதை அன்றோடு நிறுத்தினேன்.

பேசுதலில் அவர் இழந்தது வேறு இடத்தில். பேச்சுத் தேர்வில் மூன்று பிரிவு. முதலாவது தன்னறிமுகம், 3 புள்ளி: பெயர், வயது, ஊர், மொழி, வேலை, பொழுதுபோக்கு. கூடவே ஒரு சொல்லை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வார்கள். அறிமுகத்தை மனப்பாடமாக ஒப்பித்தவர் எழுத்துக்கூட்டலில் தடுமாறியிருக்கிறார். ஜெர்மனில் 'ஏ' என்று சொன்னால் அது நம் ஆங்கில 'ஈ'. 'ஈ' என்றால் 'ஐ'. 'வே' என்றால் 'டபிள்யூ'. அவர் பெயரிலேயே இரண்டு ஐ. அப்புறம் தினமும் காய்கறிக்காரர் வண்டியில் எழுதியிருப்பதையும் பஸ் பலகையையும் ஜெர்மன் எழுத்தொலியில் கூட்டிக்கொண்டு போவார்.

இரண்டாம், மூன்றாம் பிரிவுகளுக்கு ஆறு ஆறு புள்ளி. அங்கேதான் கதை கெட்டது. இரண்டாம் பிரிவில் ஓர் அட்டை தருவார்கள். மேலே தலைப்பு, கீழே ஒரு சொல். அதை வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தலைப்பு 'வாங்குதல்', சொல் 'ரொட்டி' என்று வைத்துக்கொள்வோம். இவர் முதல் தேர்வில் செய்ததை என்னிடம் அப்படியே நடித்துக் காட்டினார். அட்டையைப் பார்த்தார், நிமிர்ந்தார், "ப்ரோட் இஸ்ட் குட்" என்றார். ரொட்டி நல்லது. கேள்வியே இல்லை. நம் பள்ளியிலும் கல்லூரியிலுமாகப் பதினைந்து வருஷம் கேள்வி கேட்டது ஆசிரியர், பதில் சொன்னது நாம். கேள்வி கேட்கச் சொல்லி மார்க் போட்டவர் யாரும் இல்லை.

பழைய மிட்டாய்ப் பெட்டி ஒன்றில் அட்டைகளை வெட்டிப் போட்டார். மாமியார் கண்ணை மூடி ஒன்றை எடுத்து நீட்டுவார், இவர் அதை வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். வோ, வான், வாஸ், வீ ஃபீல்: எங்கே, எப்போது, என்ன, எவ்வளவு. இந்த நாலைக் கையில் வைத்துக்கொண்டால் எந்த அட்டை வந்தாலும் ஒரு கேள்வி தேறும். "ரொட்டி எங்கே வாங்குவீங்க?" போதும். மூன்றாம் பிரிவில் படம் போட்ட அட்டை, அதை வைத்து ஏதாவது தரச் சொல்லிக் கேட்க வேண்டும். சமையலறையில் கரண்டியிலிருந்து உப்பு வரை எல்லாவற்றையும் இப்படிக் கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் மாமியாரே, 'தயவுசெய்து' என்பதற்கும் 'இந்தாங்க' என்பதற்கும் பொதுவான "பிட்டெ" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

தமிழ் கைகொடுத்த இடங்களும் உண்டு, அவற்றைப் பயிற்சி மையத்தில் ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுத்துக் கெடுத்திருந்தார்கள். குளிருகிறது என்பதை ஆங்கிலத்தில் 'நான் குளிராக இருக்கிறேன்' என்றுதான் அமைப்பார்கள். அதைப் பார்த்து இவர் "இஹ் பின் கால்ட்" என்று எழுதிவைத்திருந்தார். ஜெர்மனில் அப்படிச் சொன்னால் ஈவிரக்கமற்றவள் என்கிற மாதிரி ஆகிவிடும். சரியானது "மிர் இஸ்ட் கால்ட்". மிர் என்றால் எனக்கு. எனக்குக் குளிருது, அவ்வளவுதான். எனக்குத் தலை வலிக்குது: "மிர் டூட் டெர் கோப்ஃப் வே". நான்காம் வேற்றுமை என்று பள்ளியில் படித்தது அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஒரு காபி குடிக்க வேண்டும் என்றால் 'குடிக்க' என்கிற வினை கடைசியில் போய் நிற்கும், அதுவும் நமக்குப் பழக்கம். நீ, நீங்கள் வித்தியாசத்தை விளக்கவே தேவையில்லை: டூ, ஸீ. இதைச் சொன்ன அன்றைக்கு அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். "இது நம்ம ஊரு இலக்கணம் மாதிரில்ல இருக்கு!"

எழுதுதல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படிவம் நிரப்புவதற்கு 5, சிறு கடிதத்துக்கு 10. கோதேயின் மாதிரித் தாளில் ஒரு பெண், கணவனோடும் இரண்டு மகன்களோடும் போடன்ஸே ஏரியைச் சுற்றிப் பேருந்துப் பயணம் போகப் பதிவு செய்கிறாள். எத்தனை பேர்? இவர் 3 என்று எழுதினார். பதிவு செய்கிறவளை எண்ணவில்லை. 'கிரெடிட் கார்டு இல்லை' என்று இருந்தால் ரொக்கம் என்று குறிக்க வேண்டும். அது ஜெர்மன் சோதனை என்பதைவிடக் கவனச் சோதனை. கடிதத்தில் மூன்று விஷயம் கேட்பார்கள், ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி, விளிப்புக்கும் முடிப்புக்குமாக 1. முப்பது சொல் போதும். ட்ரெஸ்டன் நகரச் சுற்றுலா அலுவலகத்துக்கு எழுதும் மாதிரிக் கடிதத்தில் இவர் ஆகஸ்ட் மாதத்தை வர்ணித்து ஐந்து அழகான வாக்கியம் எழுதினார், ஓட்டல் முகவரி கேட்க மறந்துவிட்டார். மூன்று புள்ளி அங்கேயே காலி. அதன்பின் ஒவ்வொரு விஷயத்தை எழுதியதும் கேள்வித்தாளில் அதன் பக்கத்தில் ஒரு டிக் போடப் பழகினார்.

ஒன்பதாம் வாரம் கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போனார். பாஸ்போர்ட், இரண்டு பேனா, தயிர்சாதம். பழைய நோட்டை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். எடுத்துத்தான் போனார் என்று பிறகு தெரிந்தது. எழும்பூர் வரை பையைத் திறக்கவில்லையாம்.

தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் போனில் நடந்ததையெல்லாம் ஒப்பித்தார். பேச்சுத் தேர்வில் அவருக்கு வந்த படம் பேனா. பேனாவுக்கான நீளமான சொல் மறந்துபோய், எழுதுகோல் என்கிற பொதுச்சொல்லை எடுத்து, அதற்கும் டாஸ் என்று தப்பாகப் போட்டு, "கெனன் ஸீ மிர் பிட்டெ டாஸ் ஷ்டிஃப்ட் கேபன்?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்திலிருந்த பையன் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி நீட்டிவிட்டான். தேர்வாளர்கள் இருவரும் சிரித்தார்களாம். "தப்பாக்கா?" என்றார். புரிந்துதானே கொடுத்தான் என்றேன்.

முடிவு: கேட்டல் 19.92, வாசித்தல் 21.58, எழுதுதல் 20.75, பேசுதல் 19.92. மொத்தம் 82. கேட்டல் 7-இலிருந்து 12-க்கு ஏறியிருந்தது. எல்லாப் பகுதிகளிலும் ஏற்றம் இருந்தாலும், அந்த ஐந்து புள்ளிக்குக் காரணம் கணவரின் ஏழரை மணி அழைப்பா, பூட்டிய பீரோவா, சமையல் நேரத்துப் பாடங்களா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே ஆளை வைத்துப் பார்த்த ஆய்வில் அது முடியாது. நோட்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வியாக "எந்த எழுத்தில் எழுதிவைத்திருக்கிறீர்கள்?" என்றுதான் கேட்கிறேன்.

விசா வந்து போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு குரல்செய்தி. தனியாக ரொட்டிக் கடைக்குப் போயிருக்கிறார். "ட்ஸ்வை பிரேட்ஸெல், பிட்டெ"ன்னு தெளிவா கேட்டேன்க்கா. அந்தம்மா திருப்பி என்னமோ நீளமா கேட்டாங்க. ஒரு வார்த்தை புரியல. எல்லாம் இஷ் இஷ்னு வருது. நீங்க அன்னிக்கு அந்த இஷ்ஷை விட்டிருக்கலாம்.